ஆண்டுக்கணக்கில் சமூக ஊடகத்தில் விற்பது எப்படி? ஒரு சுங்குடிச் சேலைக் கடைக்கான பதில்

கேள்வி இது: "மதுரையில் குடும்பமாகச் சுங்குடிச் சேலை தயாரித்து விற்கிறோம். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் எல்லாவற்றிலும் கணக்கு இருக்கிறது. தொடக்கத்தில் தினமும் பதிவிட்டோம்; சில மாதங்களில் ஓய்ந்துவிட்டது. பண்டிகை நெருங்கும்போது மறுபடி ஆரம்பிக்கிறோம், மறுபடி நிற்கிறது. ஒரே நோக்கத்தோடு பல ஆண்டுகள் தொடர்வது எப்படி? ஏஜென்சியிடம் கொடுத்துவிடலாமா?"

தினமும் ஒரு பதிவு என்று நீங்கள் முடிவெடுத்த வாரத்தில் கடையில் வேலை குறைவாக இருந்திருக்கும். அந்தத் திட்டம் உடைந்த வாரம் எது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஐப்பசியாக இருக்கும். ஒரு பக்கம் தீபாவளி ஆர்டர், இன்னொரு பக்கம் வடகிழக்குப் பருவமழை. சாயம் ஏற்றிய துணி காயாமல் கிடக்கும், கூரியர்காரர் வாசலில் நிற்பார், வாட்ஸ்அப்பில் வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்லவே ஆள் இருக்காது. அந்த நேரத்தில் யாராலும் தினம் ஒரு வீடியோ எடுக்க முடியாது. உங்களிடம் விடாமுயற்சி இல்லை என்று வருந்தத் தேவையில்லை. திட்டத்தின் அளவுதான் தவறு.

சிறு தொழில்களின் விளம்பர வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். என்னிடம் கேட்பவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான்: ஆண்டின் மிக நெருக்கடியான வாரத்தில் உங்களால் எவ்வளவு முடியுமோ, அதுவே ஆண்டு முழுவதற்குமான அளவு. அந்த வாரத்தில் இரண்டு பதிவு முடியும் என்றால் வாரம் இரண்டு. ஒன்றுதான் முடியும் என்றால் ஒன்று. பங்குனி, சித்திரையில் வெயில் ஏறி, பருத்திச் சேலைக்குக் கேட்பவர்கள் கூடும்போது உங்களுக்கும் உற்சாகம் பொங்கும். அப்போது கூடுதலாக எடுப்பதை உடனே வெளியிட்டுத் தீர்த்துவிடாமல் சேமித்து வையுங்கள். ஐப்பசியில் அதுதான் கைகொடுக்கும். வாரம் இரண்டு என்றால் ஆண்டுக்கு நூறு பதிவுகளுக்கு மேல் வருகிறது. ஒரு கடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்ல அது தாராளம்.

மூன்று தளங்களிலும் ஒரே வேகத்தில் ஓட வேண்டிய அவசியமும் இல்லை. சேலையைப் பொறுத்தவரை இன்ஸ்டாகிராமை முதன்மைத் தளமாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்து வாங்கும் பொருளுக்கு அது பொருந்துகிறது. அங்கே போடுவதை அப்படியே ஃபேஸ்புக்கிலும் வரும்படி இணைத்துவிட்டால் அதற்கென்று தனி உழைப்பு வேண்டாம். யூடியூபில் வாரந்தோறும் எதுவும் போட வேண்டியதில்லை. பலர் அதில் தேடித்தான் வருகிறார்கள் என்பதால், "சுங்குடிச் சேலை துவைப்பது எப்படி", "முடிச்சுச் சுங்குடிக்கும் அச்சுச் சுங்குடிக்கும் என்ன வித்தியாசம்" என்று நிதானமாக எடுத்த நான்கைந்து நீண்ட வீடியோக்கள் இருந்தால் அவை வருடக்கணக்கில் புதிய ஆட்களைக் கொண்டுவரும்.

அடுத்தது, யாரிடம் பேசுகிறீர்கள் என்ற கேள்வி. இதற்கு ஊகத்தில் பதில் எழுத வேண்டாம். சென்ற ஆண்டின் பார்சல் முகவரிகளை எடுத்து மேசைமேல் வைத்துப் பாருங்கள். தினமும் சேலை கட்டி வேலைக்குப் போகும் ஆசிரியைகளா? மதுரையை விட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய், அம்மா கட்டிய சேலையைத் தேடுபவர்களா? மொத்தமாக எடுத்து மறுவிற்பனை செய்யும் பெண்களா? மூவருக்கும் நீங்கள் விற்கலாம். ஆனால் பதிவுகளில் ஒருவரைத்தான் மனதில் வைத்துப் பேச முடியும். ஆசிரியைக்குத் தேவை, காலை அவசரத்தில் மடிப்பு நிற்குமா, ஆறு மணி நேரம் நின்று பாடம் நடத்தினால் கசங்குமா என்ற தகவல். மறுவிற்பனையாளருக்குத் தேவை எத்தனை நிறம், குறைந்தது எத்தனை சேலை எடுக்க வேண்டும், எத்தனை நாளில் வரும் என்பவை. இரண்டையும் ஒரே பக்கத்தில் மாற்றி மாற்றிப் போட்டால் இருவருமே நகர்ந்துவிடுவார்கள்.

முடிவு செய்ததை ஒரே வரியில் எழுதிக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்: "தினமும் பருத்திச் சேலை கட்டும் பெண்ணுக்கு, சுங்குடியைப் பற்றி அவர் நம்பி வாங்கத் தேவையானதைச் சொல்கிறோம்." இந்த வரியின் பெரிய பயன், எதைப் போடக்கூடாது என்று அது சொல்லிவிடும் என்பதுதான். மகளிர் தின வாழ்த்துப் படம், நண்பர்கள் தின வாழ்த்துப் படம், கிரிக்கெட்டில் ஜெயித்தால் ஒரு படம், எல்லாவற்றின் மூலையிலும் கடை லோகோ. இவற்றைப் பார்த்து யாரும் சேலை வாங்கியதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் இவற்றைத் தயாரிக்கும் நேரம் உங்களுடையது. சித்திரைத் திருவிழாவுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுக்கலாம்; மதுரைக் கடைக்கும் மதுரைக்காரர்களுக்கும் அதில் உண்மையான உறவு இருக்கிறது.

எதைச் சொல்வது என்பதில்தான் பெரும்பாலோர் களைத்துப்போகிறார்கள். புதிதாக யோசித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைப்பதால் வரும் களைப்பு அது. உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து கடைசி இருநூறு உரையாடல்களைப் படித்துப் பாருங்கள். சுங்குடி விற்கும் எவருக்கும் வரும் முதல் கேள்வி, "சாயம் போகுமா?" என்பதுதான். பெரும்பாலான கடைகள் "போகாது மேடம், கேரண்டி" என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. வாங்கியவர் முதல் சலவையில் வாளியில் சிவப்புத் தண்ணீரைப் பார்த்ததும் அந்த உறவு முறிந்துவிடுகிறது.

அதற்குப் பதிலாக இப்படி எடுங்கள். அரக்கு நிறச் சேலை ஒன்று, வெள்ளை நிற பிளாஸ்டிக் வாளி ஒன்று. சேலையைக் குளிர்ந்த நீரில் முக்குகிறீர்கள். நீர் நிறம் மாறுவதை கேமரா மறைக்காமல் காட்டட்டும். "முதல் சலவையில் இவ்வளவு கூடுதல் சாயம் வெளியேறும், அதனால் மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாக அலசுங்கள், நிழலில் காயப்போடுங்கள்" என்று சொல்கிறீர்கள். அதே சேலையை இரண்டாவது, மூன்றாவது முறை அலசும்போது நீர் எப்படித் தெளிகிறது என்று காட்டுங்கள். கடைசியில் காய்ந்த சேலையையும் துவைக்காத சேலையையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். வெட்டி ஒட்டிய வீடியோ ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இனி அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் இந்த வீடியோவின் இணைப்பை அனுப்பலாம். மூன்று ஆண்டு கழித்தும் அனுப்பலாம். நீடித்து உழைக்கும் பதிவு என்று நான் சொல்வது இதைத்தான்.

முடிச்சு விஷயமும் அப்படியே. மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. சௌராஷ்டிர சமூகத்தினர் கையால் துணியைக் கிள்ளி, நூல் சுற்றி, முடிச்சிட்டு, சாயத்தில் முக்கும் முறைக்கான அடையாளம் அது. ஆனால் சந்தையில் "சுங்குடி" என்று விற்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சும் ஸ்கிரீன் அச்சும்தான். வாங்குபவர்களில் பலருக்கு இது தெரியாது. நீங்கள் இரண்டையும் விற்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு பதிவிலும் இது கைமுடிச்சு, இது அச்சு என்று தெளிவாக எழுதுங்கள். கைமுடிச்சுப் புள்ளிகள் ஒரே அளவில் இருக்காது, அந்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கியிருக்கும், அதனால்தான் விலை கூடுதல் என்று நெருங்கிக் காட்டுங்கள். சாயம் காய்ந்தபின் துணியை இழுத்ததும் முடிச்சுகள் அவிழ்ந்து புள்ளிகள் வெளிப்படும் அந்தச் சில நொடிகளை எத்தனை முறை காட்டினாலும் மக்கள் பார்ப்பார்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அச்சுச் சேலையைக் கைமுடிச்சு என்று சொல்லி விற்கும் பக்கங்கள் முடிச்சிடுபவரின் கூலியைத்தான் திருடுகின்றன. உண்மையைச் சொல்லும் கடை மெதுவாகத்தான் வளரும். ஆனால் வந்தவர் திரும்ப வருவார், அக்காவையும் அழைத்து வருவார்.

இன்னொரு வேண்டுகோள்: விலையை எழுதுங்கள். "விலைக்கு இன்பாக்ஸ் வாருங்கள்" என்ற பழக்கம் வாடிக்கையாளரைக் கெஞ்ச வைக்கிறது, உங்கள் நேரத்தையும் தின்கிறது. விலை தெரிந்தபின் செய்தி அனுப்புபவர் வாங்கும் எண்ணத்தோடு வருகிறார்.

ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் சலிக்காதா என்று கேட்பீர்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் 2018-ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனலைப் பாருங்கள். திறந்தவெளி, விறகடுப்பு, பெரிய பாத்திரம், பெரியதம்பி தாத்தாவும் பேரன்மாரும், ஒவ்வொரு பொருளின் பெயரையும் உரக்கச் சொல்லும் குரல், கடைசியில் பலருக்குப் பரிமாறுதல். சமைக்கும் உணவு மாறியது; இந்த அமைப்பு மாறவில்லை. 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனார்கள். அமுல் நிறுவனத்தின் புள்ளிச் சட்டைச் சிறுமி 1966 முதல் வருகிறாள். நாட்டு நடப்புக்கேற்ப வாசகம் மாறுகிறது, சிறுமியும் படத்தின் பாணியும் அப்படியே இருக்கின்றன. எது மாறும், எது மாறாது என்பதை இவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு மாறாதவை என்று நான் பரிந்துரைப்பவை: அதே ஜன்னல் வெளிச்சம், சேலையை விரிக்கும் அதே மரப் பலகை, உங்கள் வீட்டிலேயே ஒருவரின் குரல், கைமுடிச்சா அச்சா என்ற அறிவிப்பு, விலை. நிறமும் கேள்வியும் பருவமும் மாறிக்கொண்டே இருக்கட்டும். வாராவாரம் எடுத்துப் போடும் உங்களுக்குத்தான் முதலில் சலிக்கும். உங்கள் பதிவுகளில் பத்தில் இரண்டைக்கூடப் பார்த்திராத வாடிக்கையாளருக்குச் சலிப்பு வர நீண்ட காலம் ஆகும்.

தளங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு காலத்தில் பலர் பயன்படுத்திய ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2014-ல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019-ல் போனது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு இந்திய அரசு தடை விதித்தபோது, அங்கே லட்சக்கணக்கானோரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஓர் இரவில் எல்லாவற்றையும் இழந்தார்கள். அடுத்த சில வாரங்களில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். ரீல்ஸ் 15 நொடியில் ஆரம்பித்தது. 2025 தொடக்கத்தில் 3 நிமிடம்வரை அனுமதித்தார்கள். ஃபேஸ்புக் 2018 ஜனவரியில் நண்பர்கள், உறவினர்களின் பதிவுகளுக்கு முன்னுரிமை என்று அறிவித்தபோது, கடைப் பக்கங்களின் பதிவுகள் போய்ச் சேரும் தூரம் சுருங்கியது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. இவற்றில் எதையும் நீங்கள் தடுக்க முடியாது, முன்கூட்டிக் கணிக்கவும் முடியாது. வாடகை வீட்டில் இருப்பவர் நகைகளைத் தன் பெட்டியில் வைத்திருப்பதுபோல் முக்கியமானவற்றை உங்களிடம் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

உங்களிடம் இருக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, எடுத்த வீடியோக்களின் மூலப் பிரதி, எந்தத் தளத்தின் முத்திரையும் இல்லாமல், ஒரு ஹார்ட் டிஸ்கில். வேறு செயலியின் முத்திரை தெரியும் வீடியோக்களை அதிகம் பரிந்துரைக்கப் போவதில்லை என்று இன்ஸ்டாகிராம் 2021-லேயே சொல்லிவிட்டது. முத்திரையில்லாத பிரதி இருந்தால்தான் எங்கும் கொண்டுபோக முடியும். இரண்டாவது, சம்மதம் சொன்ன வாடிக்கையாளர்களின் பட்டியல்: பெயர், எண், ஊர், வாங்கிய சேலை, பிடித்த நிறம். வாட்ஸ்அப் பிசினஸில் பிராட்காஸ்ட் பட்டியல் போடலாம்; ஒரே செய்தி பலருக்கும் தனித்தனியாகப் போகும். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் தொலைபேசியில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அதனால் பார்சலுக்குள் வைக்கும் சலவைக் குறிப்புச் சீட்டிலேயே "புதிய நிறங்கள் வரும்போது தெரிவிக்க, இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று அச்சிடுங்கள். மாதம் ஒரு முறை அல்லது இரண்டு முறைக்கு மேல் அனுப்ப வேண்டாம். தினம் காலை வணக்கம் அனுப்பினால் உங்கள் எண்ணையே முடக்கிவிடுவார்கள்.

பாட்டு விஷயம் சிறியது, ஆனால் பலர் அடிபடும் இடம். வணிகத்துக்காக எடுக்கும் வீடியோவில் திரைப்பாடலைச் சேர்த்தால் ஒலி முடக்கப்படலாம், உரிமையாளரிடமிருந்து நோட்டீஸும் வரலாம். உங்கள் குரலையும் பட்டறைச் சத்தத்தையும் பயன்படுத்துங்கள். பணமோ இலவசச் சேலையோ கொடுத்து யாரையாவது பேச வைத்தால், அது விளம்பரம் என்று அவர் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இலவசப் பொருளும் அடங்கும்.

எண்களைப் பார்ப்பதில் கட்டுப்பாடு வேண்டும். திட்டத்தை உடைப்பதில் வேலைப்பளுவுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஒரு வீடியோவுக்கு எதிர்பாராமல் ஒரு லட்சம் பார்வை வரும்; அதேபோல் பத்து எடுப்போம் என்று தடம் மாறுவோம். பத்துக்கும் கூட்டம் வராது, மனம் விட்டுப்போகும். விருப்பக்குறி எண்ணிக்கையைத் தினமும் பார்ப்பதை விடுங்கள். ஆர்டர் எடுக்கும்போதே "எங்களை எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நோட்டையும், பதிவுகள் எத்தனை முறை சேமிக்கப்பட்டன, பிறருக்கு அனுப்பப்பட்டன என்பதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். சேலை விஷயத்தில் "சேமித்தல்" முக்கியமான அடையாளம். சம்பளம் வந்ததும் வாங்கலாம் என்று வைத்திருப்பவர்கள் அவர்கள். இரண்டாவது முறை வாங்கியவர் எத்தனை பேர் என்பதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்ப்பேன். இந்த மூன்று மாதப் பரிசீலனையில் மட்டுமே திட்டத்தில் கை வைக்கலாம் என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். இடையில் யாராவது உறவினர் "இப்போது இதுதான் ட்ரெண்டு" என்று வந்து சொன்னால், நோட்டில் குறித்துக்கொண்டு அந்த நாள்வரை காத்திருங்கள்.

கட்டண விளம்பரத்துக்கு எளிய விதி ஒன்று போதும்: காசு கொடுக்காமலே நன்றாகப் போன பதிவுக்கு மட்டும் காசு கொடுங்கள். சாயம் பற்றிய வீடியோ அதிகம் சேமிக்கப்பட்டதா? அதைச் சென்னைக்கும் கோவைக்கும் சிறிய தொகையில் விளம்பரமாக ஓட்டிப் பாருங்கள். யாரும் கண்டுகொள்ளாத பதிவைப் பணத்தால் தூக்கி நிறுத்த முயல வேண்டாம்.

இனி ஏஜென்சி. கொடுக்கக் கூடிய வேலை இருக்கிறது, கொடுக்கக் கூடாத வேலையும் இருக்கிறது. வீடியோவை வெட்டி ஒட்டுவது, எழுத்துச் சேர்ப்பது, நேரம் குறித்து வெளியிடுவது, விளம்பரக் கணக்கை நிர்வகிப்பது ஆகியவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். வாடிக்கையாளரின் கேள்விக்குப் பதில் சொல்வதையும், எந்தச் சேலையைப் பற்றி என்ன சொல்வது என்பதையும் கொடுக்காதீர்கள். சுங்குடி முடிச்சைத் தொட்டுப் பார்த்திராதவர் எழுதும் "பாரம்பரியமும் நவீனமும் கைகோக்கும் அழகு" போன்ற வரி எந்தச் சேலைக்கும் பொருந்தும்; அதனாலேயே உங்களுக்கு உதவாது. மாதத்தில் ஒரு அரை நாள் வீட்டில் ஒருவர் ஒதுங்கி, அந்த மாதத்துக்கான எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுத்துக் கொடுத்துவிட்டால், மீதியை வெளியாள் செய்யலாம். உள்ளூரில் வீடியோ எடிட்டிங் தெரிந்த கல்லூரி மாணவி ஒருவர்கூடப் போதும்.

யாரிடம் கொடுத்தாலும், முதல் நாளே கணக்குகளின் சாவி யாரிடம் என்பதை முடித்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், விளம்பரக் கணக்கு எல்லாம் உங்கள் மின்னஞ்சலிலும் உங்கள் தொலைபேசி எண்ணிலும் திறக்கப்பட்டிருக்க வேண்டும். வெளியாளுக்குக் கடவுச்சொல்லைக் கொடுக்காமல், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் வணிகக் கணக்கு வழியாக அவருக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள். விலகும் நாளில் அதை நீக்கிவிடலாம். கடவுச்சொல்லோடு தொலைபேசியில் கிடைக்கும் குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைக் குடும்பத்தில் இருவர் தொலைபேசியில் வையுங்கள். "உங்கள் கணக்குக்கு நீல டிக் கிடைத்திருக்கிறது, இங்கே அழுத்துங்கள்" என்று வரும் செய்தி எதையும் தொடாதீர்கள்; கணக்கைப் பறிப்பவர்கள் அப்படித்தான் நுழைகிறார்கள். எடுத்த எல்லா மூலப் பிரதிகளும் மாதக் கடைசியில் உங்கள் ஹார்ட் டிஸ்குக்கு வந்துவிட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இதற்குச் சம்மதிக்காத ஏஜென்சி எவ்வளவு குறைந்த கட்டணம் சொன்னாலும் வேண்டாம்.